முதல் காட்சியை உரியவர்களுக்கே தந்த வெரோனிகா ராஜநாயகம் அம்மையாருக்கு

சாந்தோம் கடற்காற்றில் வளர்ந்து, மயிலாப்பூர் வகுப்பறைகளில் முழங்கி, இன்று பணி நிறைவு காணும் எங்கள் ஆங்கிலத்துறைத் தலைவரே! சொல்லில் சுடரும், செயலில் செம்மையும், சினம் வந்தால் சாக்பீஸைக் குறி தவறாமல் எறியும் சுறுசுறுப்பும் கொண்ட பேராசிரியர் வெரோனிகா ராஜநாயகம் அம்மையாரே! வணக்கம்.

இன்னும் அடைமொழிகள் எழுதியிருந்தோம். ‘கலைக்கடலே’, ‘தியாகத் தீபமே’ என்றெல்லாம். நீங்கள்தான் அடித்துவிட்டீர்கள். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடமே முதலில் காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாமென்றால் எடுத்துவிட வேண்டும் என்பது இத்துறையில் நீங்கள் ஏற்படுத்திய வழக்கம். அதன்படி இம்மடலை நேற்று உங்களிடம் வாசித்தோம். “தீபமா? அப்படியே என் போட்டோவுக்கு ஒரு மாலையும் போட்டுடுங்களேன். செத்தா போயிட்டேன்?” என்றீர்கள். எடுத்துவிட்டோம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலக்கியமும் நாடகமும் கற்பித்த தாங்கள், உலகமயம் என்றால் கணினிக் கம்பெனியும் கண்ணாடிக் கட்டடமும் என்று நினைத்து வந்தவர்களிடம் ஓயாமல் ஒன்றைக் கேட்டீர்கள்: ஏழையின் கதை விமானம் ஏறி ஊர் ஊராகப் போகிறதே, அந்தக் கதைக்கு உரியவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வகுப்பில் கேட்டதற்கு மேடையிலும் பதில் சொல்ல வேண்டி வந்தது உங்களுக்கு.

அடையாற்றங்கரையிலிருந்து நகரத்தின் விளிம்புக்கு லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றி ‘லாரி வந்த நாள்’ என்று நாடகம் எழுதினீர்கள். அந்த லாரிகளில் ஒன்றில் மணிமொழியாகிய என் வீட்டு பீரோவும் போனது. அதனால்தான் இம்மடலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நாடகத்தின் முதல் காட்சி அரங்கேறியது, வழக்கப்படி, அவர்கள் குடியேறிய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலிலேயே. கதாநாயகி ஆற்றைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழும் இடம் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம். அந்த லாரிகளில் வந்தவர்களில் ஒருவரான ரத்னா அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

“நிறுத்து, நிறுத்து! இன்னா இவ ஆத்தப் பாத்து அழுதுக்கினு கீறா? அன்னிக்கு எவ அழுதா? லாரிக்காரன் என் டிவிய ஒடச்சிட்டான், அவன் சட்டையப் புடிச்சிக்கினு நின்னேன் நானு. இது யார் வூட்டுக் கதை?”

கூட்டம் சிரித்தது. உங்கள் முகம் சிவந்தது. ஆனாலும், “வாங்கம்மா, எப்படிப் புடிச்சீங்க, காட்டுங்க” என்று அவரை மேடைக்கே அழைத்தீர்கள். லாரிக்காரராக நடித்த நம் துறை ஜாஸ்பர் சாரின் சட்டைப் பொத்தான்கள் அன்றைக்குத்தான் போயின. அழுகை போய்ச் சண்டை வந்தது. நாடகத்துக்கு உயிரும் வந்தது.

பிறகு ஐரோப்பிய நாடக விழா ஒன்று நம்மை அழைத்தது. ஒத்திகைக் காணொளியில் அந்த அழுகையைப் பார்த்து மயங்கியிருந்தார்கள். சண்டையைக் காட்டியதும், “உலகப் பார்வையாளர்களுக்குச் சிரிப்பு குழப்பம் தரும், அழுகையே வேண்டும்” என்று எழுதினார்கள். நீங்கள் வெளிநாடு போனதில்லை. பாண்டி பஜாரில் குளிர்கோட்டு வாங்கியாயிற்று. ஓய்வு பெறும் நேரத்தில் இன்னொரு அழைப்பு வரப்போவதில்லை. “ஒரே ஒரு சீன் மேடம், அழுதுட்டு வந்துடலாம்” என்று துறையில் பாதிப் பேர் கெஞ்சினார்கள்.

நீங்களோ லிஃப்ட் ஓடாத அந்தக் கட்டடத்தில் எட்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, ரத்னா அக்காவிடம் கேட்டீர்கள்.

“அவங்க ஊர்ல அழுவறதுக்கு ஆளே இல்லியாமா? வேணும்னா அவங்களே அழுதுக்கட்டும். நா சண்டதான் போட்டேன்.”

“சண்டை வரும், அழுகை வராது” என்று பதில் அனுப்பினீர்கள். அழைப்பு திரும்பப் பெறப்பட்டது.

எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. எங்கள் வீட்டைப் பிடுங்கியவர்கள் ஒருபக்கம். அதற்கு நாங்கள் எப்படி அழ வேண்டும் என்று சொல்லித்தர வந்தவர்கள் இன்னொருபக்கம்! நீங்கள் கோபத்தைக்கூட வீணாக்காதவர். உடனே புதுக் காட்சி எழுதினீர்கள். சித்திரை வெயிலில் உங்கள் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, “இன்னும் கொஞ்சம் அழுங்க ப்ளீஸ்” என்று வெளிநாட்டு விழாக்காரராக ஜாஸ்பர் சார் வீடு வீடாகக் கதவு தட்டுகிறார். அதையும் முதலில் அந்தக் கட்டடத்து வாசலில்தான் போட்டோம், விசில் பறந்தது. திருவல்லிக்கேணி முதல் கொட்டிவாக்கம் வரை போன இடமெல்லாம் சிரிப்பு அடங்காத காட்சி அதுவே.

எங்கள் அன்புக்குரிய அம்மையாரே! இன்றைய பிரிவு விழாவிலும் முன்வரிசையில் கல்லூரி நிர்வாகத்தினர் இல்லை. ரத்னா அக்காவும் அவர் கட்டடத்தாரும் அமர்ந்திருக்கிறார்கள். இம்மடலில் அவரும் வருகிறார் என்பதால் அவரிடமும் வாசித்துக் காட்டினோம். ‘நூறாண்டு வாழ்க’ என்று முடித்திருந்தோம். அக்கா ஒப்பவில்லை.

“நூறு வருசம் வூட்ல ஒக்காந்துக்கினு இன்னா பண்ணும் அந்தம்மா? அடுத்த டிராமாவும் மொத ஷோ எங்களாண்டதான? லிப்ட் இன்னும் ஓடல. முட்டி நல்லா இர்க்கணும்னு எழுது.”

திருத்தம் ஏற்கப்பட்டது. எட்டு மாடியும் ஏறி இறங்கும் வலிமையோடு, அம்மையாரே, உங்கள் முழங்கால்கள் நீடூழி வாழ்க!

என்றும் அன்புடன்,
ஆங்கிலத்துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்,
மயிலாப்பூர்.

எழுதியவர்: மணிமொழி, உதவிப் பேராசிரியர்
திருத்தியவர்கள்: வெரோனிகா மேடம், ரத்னா அக்கா