பின் தொட்டியில் தொண்ணூறு கிலோ

இரவு ஒன்றே கால் மணி. ஊரை விட்டுத் தள்ளி, லாரிகள் மட்டும் போகிற ஒரு சாலை. மூன்று கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. வீடும் கிடையாது. சாலையோரம் லாரிகளை ஏற்றி எடை பார்க்கிற எடை மேடை ஒன்று... அதன் கூண்டுக்குள் ஒற்றைக் குழல்விளக்கு. வெளிச்சம் என்று அங்கே இருந்தது அவ்வளவுதான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எங்கேயோ படித்த கதை இல்லை. நம் வெல்டர் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. வெல்டர் அளந்து விடுவான், எனக்கும் தெரியும். ஆனால் இதைச் சொன்னபோது அவன் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர், வாயில் பொய் வராது என்று பெயர் எடுத்தவர். ஆனால் மனிதருக்கு ஒரு பைத்தியம். பிக்கப் வண்டி. முன்னால் கேபின், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி... அந்த வண்டிதான். மற்றவர்கள் அதில் செங்கல் ஏற்றுவார்கள். சித்தப்பாவோ அதன் மூக்குக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பார். சாவியைத் திருப்பினால் நின்றிருப்பவன் அடிவயிறு அதிரும். அதனால் நண்பர்களிடையே அவருக்கு 'எட்டு' என்றே பெயர்.

எதிர்க்கட்சி ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ராத்திரியில் தன் வாயை மூடத் தெரியாதவர். அவருடையதும் பிக்கப்தான். ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. அவர் பெயர் 'ஆறு'.

சனிக்கிழமை ராத்திரி ஆனால் இரண்டு பேரும் அந்த எடை மேடையில் ஆஜர். காலை வைத்த நொடியில் இழுக்க வேண்டும், அதுதான் எஞ்சின் என்பார் எட்டு. உன் டர்போ காற்றை உறிஞ்சி, யோசித்து, கொட்டாவி விட்டு, அப்புறம்தானே எழுந்திருக்கிறது என்பார். ஆறு விடமாட்டார். எழுந்துவிட்டால் அப்புறம் அது நிற்கவே நிற்காது, அது போதாதா, உன்னுடையது மூக்கில் பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிறதே என்பார். சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம், டார்க் என்கிற இழுவை விசையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். விவசாயத்துக்கு மழை வருமா என்று கவலைப்படுகிறவன்கூட அவ்வளவு கவலையாகப் பேசமாட்டான்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாய்ச்சவடால் செல்லாது. வண்டியை மேடையில் ஏற்று, எடை பார், எஞ்சினின் குதிரைத் திறனை எடையால் வகு, பிறகு பேசு. சித்தப்பாவின் வண்டி, ஆள் இல்லாமல், இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ. எடை மேடைக்காரருக்கே அது மனப்பாடம்.

இன்னொன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. பின்னால் பாரம் இல்லாத பிக்கப், வால் இல்லாத காத்தாடி. அழுத்தினால் பின் சக்கரம் தரையைப் பிடிக்காது, சும்மா சுழலும். அதனால் ஆறு தன் வண்டியின் தொட்டியில் மணல் பைகளை அடுக்கி வைத்திருந்தார். சித்தப்பா மணல் வைக்கவில்லை. மச்சினனை வைத்தார்.

சித்தியின் ஒரே தம்பி அவன். பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். தொண்ணூறு கிலோ. சிரித்தால் மேல்சட்டைப் பொத்தான் தெறிக்கும். மணல் பை ஒரே இடத்தில் கிடக்கும். இவன் வண்டி ஆடுகிற பக்கத்துக்கு எதிரே சாய்ந்து கொடுப்பான், அதுதான் விசேஷம். அவனுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்ததும் இவர்கள்தான். அவன் அதற்கும் சிரித்தான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மூட்டை பின் சக்கரங்களுக்கு நேர் மேலே உட்காருவான். சாமான் கட்டுகிற நாடாவை இடுப்பில் சுற்றி, கொக்கியை வளையத்தில் மாட்டுவான். மாட்டிய பிறகு தொட்டித் தகட்டில் இரண்டு தட்டு. டம்... டம். அந்தத் தட்டு கேட்காமல் சித்தப்பா வண்டியை எடுக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை பேச்சு முற்றிவிட்டது. கடைசியில் ஆறு ஒரு வார்த்தை சொன்னார்.

"உன் வண்டி நல்லா இழுக்குதுன்னா அது எஞ்சின் இல்ல, எட்டு. உன் மச்சினன்."

எல்லோருக்கும் முன்னால் மூட்டைதான் சிரித்தான். சித்தப்பாவுக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எடை மேடைக்காரர் டார்ச்சோடு நடுவில் போய் நின்றார். இரண்டு எஞ்சினும் உறுமின... சொந்தக் குரல்கூடக் காதில் விழவில்லை.

டார்ச் மின்னியது.

சித்தப்பா கண்ணாடியில் பார்த்தார். மூட்டை குனிந்திருந்தான். கொக்கி வளையத்தில் மாட்டவில்லை போல, தடவிக்கொண்டிருந்தான். தட்டு விழவில்லை. பக்கத்து வண்டி பாய்ந்துவிட்டது. ஒரு நொடி... ஒரே ஒரு நொடிதான். சித்தப்பா காலை அழுத்திவிட்டார்.

ரப்பர் கருகிய நாற்றம். பின்பக்கம் ஒரு தரம் வெட்டி இழுத்தது. அப்புறம் ஒரு சத்தம்... ஈர மாவை மேஜையில் அடித்தால் வருமே, அது. சித்தப்பா அதைக் கேட்டார். கேட்டும், நிறுத்த வேண்டும் என்று காலுக்குத் தோன்றவில்லை. மூன்று கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தார். ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தும்விட்டார். நின்று, இறங்கி, "பாத்தியாடா மாப்ள" என்று பின்னால் திரும்பினார்.

தொட்டி காலி.

உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சித்தி அழவில்லை. சித்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினொரு வருஷமாக ஓட்டுகிறாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் ஒரு புள்ள உக்காராம வண்டிய எடுத்ததில்லைங்க. அவன் தட்டினானா?"

"தட்டினான்" என்றார் சித்தப்பா.

அவள் தலையை ஆட்டினாள். போலீஸ் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார். இரண்டு எஞ்சின் இரைச்சலில் வேறு யாருக்கு என்ன கேட்டிருக்கும்? விபத்து என்று எழுதி மூடினார்கள். பொய் வராத வாய் என்று பேர் எடுத்ததுதான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. பாவி மனிதர், அதை நினைத்து நினைத்தே உருகினார்.

ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலை, வேலைக்குப் போக வேண்டுமே என்று ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாவியைக்கூடத் திருப்பவில்லை.

கீ...ய்ங்.

பின்பக்கத்தில் பாரம் தாங்குகிற வில்தகடுகள் முனகின. வண்டியின் பின்புறம் மெதுவாக, இரண்டு விரற்கடை இறங்கியது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ அப்படி. கேபினுக்குள் ஒரு வாசம் வந்தது... அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி. சூடான வாசம். சித்தப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தட்டுக்காக.

தட்டு வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இறங்கினால் வண்டி எழும்பும், ஏறினால் இறங்கும். தினமும் இப்படித்தான். அவரால் வண்டியை எடுக்க முடியவில்லை. எப்படி எடுப்பார்? இன்னும் தட்டவில்லையே. ஸ்கூட்டரில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ராத்திரியில் வந்து அரை மணி, முக்கால் மணி வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். "தட்டுடா... தட்டித் தொலைடா" என்று கெஞ்சுவார். மனிதர் வண்டி மேலே வைத்த ஆசையைப் பார் என்று அக்கம்பக்கம் சொல்லிக்கொண்டது.

கடைசியில் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தவர் ஆறு. அவருக்கு அந்த வண்டி எதற்கு? சொன்ன வார்த்தை அவரையும் அரித்துக்கொண்டிருந்தது, அதற்காக வந்தார். ஆறே நடந்து வந்து சாவியை வாங்கி, வண்டியை எடை மேடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். சித்தப்பா ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், கைமாறுகிற வண்டியை எடை பார்த்தாக வேண்டும்.

இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். அன்றைக்கு மட்டும் வண்டியின் பின்பக்கம் எழும்பவில்லை. கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடி, நின்றன.

இரண்டாயிரத்து நானூற்று முப்பது.

எடை மேடைக்காரர் கண்ணைக் கசக்கினார். வண்டியை இறக்கச் சொல்லி, எந்திரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றச் சொன்னார். அதே எண். தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு துரும்பு இல்லை. முந்நூற்று நாற்பதுக்கும் நானூற்று முப்பதுக்கும் வித்தியாசம் போட அங்கே யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை. பல் டாக்டர் அன்றைக்குத்தான் பேசாமல் நின்றார். "நீயே வச்சுக்க எட்டு" என்று சாவியைச் சித்தப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இருட்டில் நடந்தே போய்விட்டார்.

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, தட்டும் கேட்காமல், சித்தப்பா வண்டியை அங்கிருந்து எப்படிக் கொண்டுவந்தார் என்று அவருக்கே நினைவில்லை. சித்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. படுத்தார்.

ராத்திரி ஒரு மணிக்குச் சித்தி அவரை எழுப்பினாள். உடை மாற்றி, தலை வாரி, தயாராக நின்றாள். "வண்டிய எடுங்க. அவன் விழுந்த எடத்த நான் பாக்கணும்." அதுவரைக்கும் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்பக்கம் முனகி இறங்கியது. ரொட்டி வாசம் வந்தது. சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடுக்கிடவும் இல்லை, திரும்பவும் இல்லை. தட்டு வரவில்லை, ஆனாலும் அவள் சொல்லுக்காக வண்டியை எடுத்தார்.

அந்த இடத்துக்குப் போனபோது மணி ஒன்றே கால். தூரத்தில் அந்தக் குழல்விளக்கு. எஞ்சினை நிறுத்தினார். சூடான இரும்பு குளிர்கிற சத்தம்... டிக்... டிக்... அது மட்டும்தான். இதைச் சொன்னால் இவள் போய்விடுவாள், இவள் போய்விட்டால் தனக்கு யாரும் இல்லை. அது தெரிந்துதான் இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது சொன்னார்.

"அவன் தட்டல. கொக்கி மாட்டிக்கிட்டுதான் இருந்தான். நான் பாத்தேன். பாத்துட்டேதான் எடுத்தேன்."



"தெரியும்" என்றாள் சித்தி.

"யார் சொன்னா?"

"அவன்தான். மூணாம் நாளே அடுப்படில வந்து நின்னு சொல்லிட்டான். மாமாவத் திட்டாதக்கா, அவரே சொல்லிடுவாருன்னான். நானும் பொறுத்துப் பாத்தேன். உங்க வாயால வரட்டும்னு ரெண்டு பேரும்தான் காத்துக்கிட்டிருந்தோம். எத்தன நாளுங்க..."

அப்போதுதான் அவள் அழுதாள். சித்தப்பா கையை நீட்டினார். அவள் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போய், சக்கரத்தில் கால் வைத்துத் தொட்டிக்குள் ஏறிக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்தாள்... ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு. இரண்டு கையும் மடியில் இருந்தது.

டம்... டம்.

சித்தப்பா வண்டியை எடுத்தார். நடக்கிற வேகத்தில் வீடு வரைக்கும் ஓட்டினார். எட்டு சிலிண்டரும் அடங்கி ஒலித்தது. வழியெல்லாம் பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. சித்தியின் குரல். அது நின்று நின்று, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி பேசியது. ஒரு இடத்தில் அவள் லேசாகச் சிரித்தாள்.

வாசலில் நிறுத்தியதும் சித்தி இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் எழும்பியது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை எழும்பியது.

அவள் சாவி போட்டு வீட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே போய், கதவை உடனே சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பருத்த ஆள் ஒருவர் உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

சித்தப்பா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.