ஊர்க்கண்ணுக்குப் பயந்து சொன்ன பொய்

தொண்டை காஞ்சு போச்சு, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுக்கறேன்... ஆங். இப்ப ஒரு குட்டிக் கதை. சிரிச்சுட்டே கேளுங்க, ஆனா முடிக்கறப்ப நான் உங்களைத்தான் பார்ப்பேன்!

மரகதவல்லின்னு ஒரு அம்மா. இட்லி மாவு அரைச்சு விக்கிறவங்க. அவங்க தெருவுக்குக் குடிதண்ணிக் குழாயே கிடையாது, லாரித் தண்ணிதான். நகராட்சி ஆபீசுக்கு நடையா நடந்து பார்த்தாங்க. ஒண்ணும் நடக்கல. "போங்கய்யா, நானே கவுன்சிலராகிக் குழாய் போடறேன்"னு வார்டு தேர்தல்ல சுயேச்சையா நின்னுட்டாங்க. தெருவே அந்தம்மா பக்கம். சும்மா இல்லீங்க... உசுரு! வீட்டுக்கு வீடு ஆரத்தி!

அப்ப உள்ளூர் கேபிள் டிவிக்காரன் மைக்கோட வந்தான். முதல்ல யாரைப் புடிச்சான்? அந்தம்மாவோட வீட்டுக்காரர் தண்டபாணியை.

"சார், உங்க சம்சாரம் ஜெயிப்பாங்களா?"

தண்டபாணிக்குப் பொண்டாட்டின்னா கொள்ளைப் பாசம். ஜெயிப்பான்னு டிவியில சொன்னா ஊர்க்கண்ணு பட்டுடாதா? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எங்கங்க... கஷ்டந்தான்"னாரு.

பக்கத்து வீட்டுப் பூங்கோதை அக்காவுக்கும் அதே பயம். "ப்ச்... தேறாதுப்பா!" தெரு முழுக்க இதே பதில். உள்ளுக்குள்ள எல்லாருக்கும் குஷி. திருஷ்டி கழிச்சாச்சாம்!

சாயங்காலம் டிவியைப் போட்டா... சிவப்பு எழுத்து, டமால்னு மியூசிக். "மக்கள் கருத்து! மரகதவல்லிக்கு மூன்றாம் இடம்!"

பூங்கோதை அக்கா தலையில கையை வெச்சுக்கிட்டாங்க. "ஐயையோ, தோத்துருவாளாமே! டிவியிலயே சொல்லிட்டான்!" ஏம்மா... அவனுக்குச் சொன்னது யாரு? நீதானே தாயி சொன்ன? ம்ஹூம், அது ஞாபகமே வரல. மியூசிக் போட்டுச் சொன்னான்ல!

ஓட்டுப் போடற நாள் வந்துச்சு. தோக்கப் போறவளுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடுமேன்னு, ஜெயிப்பார்னு டிவி சொன்ன ஆளுக்கே எல்லாரும் அமுக்கிட்டு வந்துட்டாங்க. ரிசல்ட்? அந்தம்மாவுக்கு அதே மூணாவது இடம்!

ஆறுதல் சொல்லத் தெருவே அவங்க வீட்டுல. பூங்கோதை அக்கா கட்டிப்புடிச்சு ஒரே அழுகை. "உனக்குப் போடணும்னுதாண்டி போனேன். நீ தோத்துருவியாமே... ஓட்டை எதுக்கு வீணாக்கணும்னு..."

மரகதவல்லி மெதுவாத் திரும்பினாங்க. வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிட்டு நிக்கறாரு.

"ஏங்க... நீங்களுமா?"

"இல்ல மரகதம்... டிவியிலயே சொல்லிட்டான்னு..."

"டிவியில சொன்னதே நீங்கதானய்யா!"

அந்நேரம் பார்த்து வாசல்ல ஹாரன் சத்தம். தண்ணி லாரி! அழுதுட்டு இருந்தவங்க அத்தனை பேரும் குடத்தைத் தூக்கிட்டு ஓடுனாங்க. மரகதவல்லியும் ஓடுனாங்க.

சிரிக்கிறீங்க... நல்லாச் சிரிங்க. ஆனா என் சொந்தங்களே, நாம பாசத்துல உளறினதை அந்த டிவிக்காரன் நமக்கே பெரிசாக்கிக் காட்டினான். நாமளும் வாயைப் பொளந்து நம்பிட்டோம். யாரு ஜெயிப்பாங்கறது ஒரு கேள்வி. அதுக்கு டிவி, பேப்பர், போன்னு எதுல வேணும்னாலும் பதில் பாருங்க. யாரு ஜெயிக்கணும்? அது வேற கேள்வி. அதை ஓட்டுப் போடற மறைப்புக்குள்ள நின்னு நீங்கதான் சொல்லணும்.

உங்க மனசுல ஒருத்தர் இருக்காங்களா? அவங்களுக்கே போடுங்க. தோத்தா தோக்கட்டும்யா... நம்ம கையால தோக்கக் கூடாது!