குதிகால் பிடிக்க ஓர் ஆள்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நமது பாறையேற்றக் குழுவின் தலைவர் மாரியப்பன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் கடைவீதிப் பெரியவர்களே! அடிவாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஏறி வந்திருக்கும் உறவினர்களே! எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் கொட்டச்சேட்டுத் தாய்மார்களே! முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் என் கண்ணுகளே! உங்கள் எல்லோருக்கும் வெள்ளக்கடை ஊர்ப் பூவாயியின் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிக்கொண்டு வந்ததைத்தான் படிக்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மகன் வழிப் பேத்தி சௌமியா, பெங்களூரில் பாறையேறப் பழக்கும் கூடத்தில் பயிற்சியாளராக இருக்கிறாள். அவளிடம் பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் கைகட்டி நின்று கற்றுக்கொள்கிறார்கள். அவள் தம்பி ஹரிஹரன் தீயணைப்புத் துறையில் தேர்வாகிப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். மகள் வயிற்றுப் பேரன் லோகேஷ், மாநிலப் போட்டியில் பாறையேற்றத்தில் இரண்டாம் இடம் வாங்கினான். இப்போது கோயம்புத்தூர்க் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் தம்பி, கடைக்குட்டி கோபி, ஒன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் ஆறுதல் பரிசு பெற்றான். ஆறுதல் பரிசும் பரிசுதான்!

இரங்கல் கூட்டத்தில் இந்தக் கிழவி என்ன குடும்பப் பெருமை பேசுகிறாள் என்று நினைக்கிறீர்களா? நினையுங்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பாதத்தையும் தன் மடியில் வைத்துப் பார்த்தவர் யார்? இன்னும் பாறைப் பக்கமே போகாத கோபியின் காலைக்கூடத் தடவிப் பார்த்து, "இது ஏறுற காலுங்கம்மா, எழுதி வச்சுக்கோங்க" என்று சொன்னவர் யார்? நம் குழுவின் பொருளாளர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருந்த செங்கோடன் அவர்கள்! அந்தப் பெருமையில் பாதி அவருடையது. அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காமல் நான் வேறெதைப் பேசுவேன்?

போன மாதம் ஷட்டரை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சேலத்துக்குக் கொண்டு போனார்கள். மலைப்பாதையில் பாதி வளைவுகள் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் விட்டுப்போன ஒன்றைப் பற்றி இன்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கடையின் பின்பக்கம் ஓர் அலமாரி இருக்கிறதே, நம் பிள்ளைகள் பாறையேறப் போட்டுக்கொள்ளும் ஷூக்கள் அடுக்கிய அலமாரி, அது மலையில் இருக்கப் போகிறதா, இறங்கிப் போகப் போகிறதா என்பதுதான் அந்த முடிவு. என் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

அந்த அலமாரி எப்படி வந்தது? பாறையேறும் ஷூ, பள்ளிக்கூட ஷூ மாதிரி இல்லை. பாதத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இந்தப் பந்தலில் இருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன்: நம் பிள்ளைகளுக்கு நாம் என்றைக்காவது சரியான அளவில் ஷூ வாங்கியிருக்கிறோமா? வளர்கிற பிள்ளை என்று ஒரு நம்பர், இரண்டு நம்பர் பெரிதாக வாங்குவோம். முன்னால் பஞ்சு அடைப்போம். பிள்ளை வளர வளரப் பஞ்சைக் குறைப்போம். ஒரு ஷூவில் மூன்று வகுப்பு தாண்டுவோம். அந்தப் பழக்கத்தோடுதான் எல்லோரும் செங்கோடன் கடைக்குப் போனோம். நானும் சௌமியாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, ரெண்டு நம்பர் பெருசாவே குடுங்க. பஞ்சு ஊட்ல இருக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, பாறையில புள்ள ஏறப் போகுதா, பஞ்சு ஏறப் போகுதாங்க?"

கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. "வாங்கறவங்க சொல்ற நம்பரக் குடுக்காம, அதென்ன யாவாரம்?" என்று கேட்டேன்.

"யாவாரம் பண்ணோணும்னா உங்களுக்குப் பெருசா குடுத்துட்டு, அடுத்த மாசம் கட்டுப்போட்ட காலுக்கு ஒரு செருப்பும் வித்துருவனுங்க" என்றார்.

அவர் பிள்ளையை ஏரி வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார். நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் பாறையில் இருக்கிற கால் என்றார். சாக்ஸைக் கழற்றச் சொன்னார். வெறும் பாதத்தை ஷூவுக்குள் விட்டு, விரல்கள் முன்னால் தொட்டு லேசாக மடங்கியிருக்கின்றனவா என்று மேலே தடவிப் பார்த்தார். குதிகாலில் காற்றுப் புகும் இடைவெளி இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். கடைக்குள்ளேயே ஒரு கருங்கல் துண்டு போட்டு வைத்திருந்தார். அதன் விளிம்பில் கால் நுனியை ஊன்றி நிற்கச் சொன்னார். ஒரு ஜோடியில் இல்லை, கடையில் இருந்த ஒவ்வொரு ஜோடியிலும்! "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க தம்பி" என்றேன். "பொண்ணு தப்பாப் போனா பேசித் தீத்துக்கலாமுங்க. இது தப்பாப் போனா மேலயிருந்து கீழதானுங்க" என்றார்.

ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்களே! இறுக்கமாக வாங்கிய ஷூ ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கடிக்கத் தொடங்குகிறதே! எஸ்டேட் கூலியில் எத்தனை ஷூ வாங்குவது? அதற்குத்தான் செங்கோடன் அவர்கள் அலமாரி போட்டார். பத்தாமல் போன ஷூவைக் கொண்டுவந்து வை. வேறு பிள்ளைக்குப் பத்தாமல் போனது உனக்குச் சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போ. யார் யாருக்குக் கொடுத்தது என்ற பேச்சே கிடையாது. தோல் ஷூ கால் போட்டுப் போட்டு இளகியிருக்கும், அதை அகலப் பாதத்துக்குக் கொடுப்பார். அடிரப்பர் தேய்ந்ததைச் சேலத்துக்கு அனுப்பிப் புது ரப்பர் ஒட்டி வாங்கி வைப்பார். இவ்வளவும் செய்தவர், ஒரு நாளாவது பாறை ஏறினாரா? பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும்! கலாவதிதான் ஏறி மாற்றுவாள். இதோ, அவர் மனைவி கலாவதி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், இல்லை என்று சொல்லட்டும்.

சின்ன ஷூவும் அவரிடம் நடக்காது. போட்டிக்குப் போகும்போது லோகேஷ், பெரிய வீரர்கள் போடுவது மாதிரி விரலை மடக்கிப் பிழிகிற ஷூ வேண்டும் என்று அடம்பிடித்தான். செங்கோடன் அவர்கள் தரவில்லை. போட்டியில் இரண்டாம் இடம் வாங்கிக்கொண்டு வந்தவன் நேரே கடைக்குப் போனான்.

"அந்த ஷூவக் குடுத்திருந்தா ஃபர்ஸ்ட்டு வந்திருப்பேன். உங்களாலதான் போச்சு."

"போகட்டும் சாமி. உனக்கு இன்னும் எலும்பு வளருது. ஃபர்ஸ்ட்டு வாங்கிட்டு, கல்யாணத்தன்னிக்கு நொண்டிக்கிட்டு வந்தீன்னா பொண்ணு ஊட்ல என்னையத்தான் கேப்பாங்க."

மூன்று மாதம் அவன் அவரோடு பேசவில்லை. கோயம்புத்தூருக்குப் போவதற்கு முந்தின நாள் தானாகவே போய்க் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவரும் ஒன்றும் நடக்காத மாதிரி காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுதான் செங்கோடன்!

பெரியோர்களே, இனி நான் சொல்வது என்னைப் பற்றியது போலத் தோன்றும். அவரைப் பற்றியதுதான்.

சௌமியா பெங்களூருக்குப் போனாள். ஹரிஹரன் போனான். லோகேஷும் போனான். மகனும் மருமகளும் திருப்பூரில். மகள் கோபியோடு அவள் புருஷன் வீட்டில். வெள்ளக்கடை வீட்டில் நானும் ரேடியோவும்தான். சௌமியாவின் கடைசி ஷூவைத் திருப்பி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். வைத்தேன். வைத்த பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கால் எழவில்லை. வீட்டுக்குப் போனால் அடுப்பும் நானும்தானே! சும்மா அங்கிருந்த ஷூவையெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செங்கோடன் அவர்கள் என்னிடம், "எப்படி இருக்கறீங்க?" என்று கேட்கவில்லை. "தனியாவா இருக்கறீங்க?" என்றும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்தக் குதிகாலக் கொஞ்சம் புடிங்க. எனக்குக் கை பத்தலீங்க" என்றார்.

பிடித்தேன். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அதற்கடுத்த வாரமும். ஒரு ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "நீங்க இல்லாம கடை நொம்பத் திண்டாடிப் போச்சுங்க. குதிகால் புடிக்க ஆளில்லீங்க." கலாவதி கொடுத்துவிட்ட ரசத்தையும் வைத்துவிட்டுப் போனார். ஒருநாள் விளையாட்டுக்கு என் காலுக்கே ஒரு ஷூ போட்டுப் பார்த்தார். காப்பித் தோட்டத்தில் வெறுங்காலில் நடந்து நடந்து விரிந்த கால் எதற்குள் நுழையும்? "உங்க காலுக்கு ஷூ தைக்கற ஆளு இன்னும் பொறக்கலீங்கம்மா" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் என் வீட்டில் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு பஸ் தாமதமாகிவிட்டது. இறங்கி ரோட்டைக் கடப்பதற்காக எதிர்ப்பக்கம் நின்றேன். கடைக்குள் அவர் ஒரு பிள்ளைக்கு ஷூ போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். தனியாக! ஒரு கையில் டீ டம்ளர். மறு கையாலேயே குதிகாலை உள்ளே தள்ளி, பட்டியை ஒட்டி, முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். கை பத்தாத மனிதருக்கு ஒரு கையே போதுமாக இருந்தது.

நான் ரோட்டைக் கடந்து உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டீங்களா! இப்பத்தானுங்க எனக்கு மூச்சே வருது. புடிங்க, புடிங்க" என்று அடுத்த பிள்ளையின் காலை நீட்டினார்.

பிடித்தேன். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இத்தனை நயமாக ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் இடம் கொடுக்க முடியுமா? உட்கார ஸ்டூல் கொடுப்பவர்கள் உண்டு. நீ இல்லாமல் நடக்காது என்று சொல்லி உட்கார வைப்பவர் எத்தனை பேர்? அவர் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கத்தில் சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறேன். மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டு அதே பஸ்ஸில் திரும்புகிறேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தலைவர் அவர்களே! கடை இடத்தை அதன் சொந்தக்காரர் கேட்கிறார். அது அவர் இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கலாவதி ஆத்தூருக்குத் தாய்வீட்டுக்குப் போகிறாள். அவளும் எத்தனை நாள் தனியாக இருப்பாள்? அதனால் ஷூக்களைச் சேலத்தில் ஓர் அறையில் வைத்துவிடலாம், பிள்ளைகள் நம்பரைப் போனில் சொன்னால் பஸ்ஸில் போட்டு அனுப்பலாம் என்று குழுவில் பேச்சு இருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நம்பரை வைத்தா செங்கோடன் அவர்கள் ஷூ கொடுத்தார்? ஒரு கம்பெனியின் ஐந்தும் இன்னொரு கம்பெனியின் ஐந்தும் ஒன்றா? நம்பரைக் கேட்டால் நம் தாய்மார்கள் என்ன சொல்வார்கள்? இரண்டு கூட்டித்தான் சொல்வார்கள்! பஞ்சு மறுபடி பாறைக்கு வந்துவிடும். பெரிய ஷூ வழுக்கும் என்று பயந்து பிள்ளைகள், அலமாரி வருவதற்கு முன் செய்தது போல ரப்பர் செருப்போடு ஏறுவார்கள். நாம் வேண்டாம் என்றாலும் ஏறுவார்கள்.

எனவே என் கோரிக்கை இது. அலமாரியை என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளக்கடையில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே வீடு. முன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. மழைத் தண்ணீர் இறங்காது. அந்தக் கருங்கல்லையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். "ஏனுங்கம்மா, இந்த வயசுல உங்களால முடியுமா?" என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள், தலைவரே. சந்தேகம் இருந்தால் ஒரு பிள்ளையை மேடைக்கு அனுப்புங்கள், இங்கேயே பார்த்துக் காட்டுகிறேன். எனக்குச் சரியாகத் தெரியாத காலாக இருந்தால் ஷூ தரமாட்டேன். சௌமியா ஊருக்கு வரும்வரை பொறுத்திரு என்று சொல்லிவிடுவேன். தெரியாமல் கொடுக்கிற பழக்கத்தை நான் அவரிடம் பழகவில்லை. இது செங்கோடன் அவர்கள் படத்துக்கு முன்னால் நான் தரும் வாக்கு.

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கதவு திறந்திருக்கும். காப்பி இருக்கும். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. சௌமியா, ஹரி, லோகேஷ்! மூன்று பேரும் இதைப் போனில் கேட்டுக்கொண்டிருப்பதாக போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தத் தம்பி சொல்கிறார். இறப்புக்கு வர முடியவில்லை என்று அழுதீர்கள். அதற்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை கண்ணுகளே, வேலை அப்படி. ஆனால் குடும்ப குரூப்பில் நீங்கள் கடைசியாகப் போட்ட படம் பொங்கலுக்குப் போட்டது. சர்க்கரைப் பொங்கல் பாத்திரம்தான் தெரிகிறது, நீங்கள் தெரியவில்லை. புதுப் படம் ஒன்று எடுத்துப் போடுங்கள். பாறையில் நிற்கிற படமாக இருக்கட்டும். முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள் சாமி, பாதம் வரைக்கும் தெரிய வேண்டும்.