பாதம் அளந்த நூல்

அந்த நூல்கண்ட மொதல்ல பையில போடுங்க மிஸ். கோச்சிக்காதீங்க. சத்யா பால் வாங்கியாரப் போயிருக்கா, இப்ப வந்துருவா. வந்ததும் அது அவ கண்ணுல படக்கூடாது, அவ்ளோதான்.

கணக்கு வராதா? எம்பொண்ணு சத்யாவுக்கா? அவளே சொன்னாளா உங்களாண்ட? நல்லாச் சொன்னா போங்க. நீங்க ஸ்கூலுக்குப் புதுசு, உங்களுக்கு எப்டித் தெரியும். ரெண்டு வருசம் முன்ன வந்து பாத்துருக்கணும். இந்தப் பிள்ளைப்பாக்கத்துல அவ அளக்காத ஆளே கெடையாது.

முன்ன இருந்த மிஸ்ஸும் உங்கள மாரிதான், புக்க மூடிட்டு கையில நூலக் குடுக்கும். அவங்கவங்க பாதத்த நூல் வெச்சி அளந்து வெட்டிக்கினு, அந்த நூலாலயே ஒசரத்த அளக்கணுமாம். யாரா இருந்தாலும் ஆறுக்கு மேல, ஏழுக்குள்ள வருமாம். இவளுக்கு அதுவே பைத்தியமாப் புடிச்சிகிச்சி. ஸ்கூல் உட்டு வந்தா பையக் கடாசிட்டு வூடு வூடாப் போயி, காலக் காட்டு, காலக் காட்டுன்னு நிப்பா. எதுத்த வூட்டு பலராமனுக்குப் பாதம் பொண்டாட்டிய விடச் சின்னதுன்னு தெருவே சிரிச்சிச்சி. அந்த மனுசன் ஒரு வாரம் எங்களாண்ட பேசல.

அவங்கப்பாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி. நூல் பட்டாலே கால உள்ள இஸ்துக்குவாரு. ஒழுங்கா நில்லுப்பா, கணக்கு தப்பாயிடும்னு அதட்டுவா. அவருக்குச் சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துரும். அந்த ஒரு நூலுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் முடிச்சி போட்டு ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சிகினா.

ஆமா, போட்டோல இருக்கறது அவருதான். டில்லிபாபு. மாலையா? காணாப் போனவருக்கு யாராவது மாலை போடுவாங்களா மிஸ்?

செகண்ட் ஷிப்ட்டுக்குக் கம்பனி பஸ்ல போனாரு. பஸ்ஸு திரும்பி வந்துச்சி, அவரு வரல. ஓ.டி. முடிச்சிட்டு யார்னா வண்டில தொத்திகினு வரேன்னாராம். காணோம்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன், அப்பால அங்கேருந்து போன். ஒரகடம் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஏறி ஒருத்தரு செத்துட்டாரு, ஆஸ்பத்திரில வந்து பாருங்கன்னு. வேணாம்டின்னு சொல்லச் சொல்ல, ஸ்கூல் பையோட இவளும் கூட வந்துட்டா. மூஞ்சில பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. துணின்னு பாத்தா சாம்பக் கலர் யூனிபாரம். இந்த ரோட்டுல அத்த யாருதான் போடல? வேற எதுனா அடையாளம் கீதான்னு போலீஸ்காரரு கேக்கறாரு. இவதான் பாக்ஸத் தொறந்தா.

குதிகாலாண்ட ஒரு முடிச்ச வெச்சி, கட்ட வெரல் வரைக்கும் இஸ்துப் புடிச்சா. அந்தக் காலு மட்டும் கூசல. நிமுந்து என்னப் பாத்தா. என் பொட்டப் பாத்தா. இல்லம்மா, அப்பா இல்ல, நூலு பத்தலன்னு சொன்னா.

அதான் இன்னும் பூ வெக்கறேன். மூணு தட்டு கழுவி வெக்கறோம். வாசல் கேட்டு சத்தம் கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பிப் பாப்போம். ஆஸ்பத்திரில கெடந்த அந்த மனுசன யாரும் வந்து கேக்கலன்னு போலீஸ்காரங்களே பொதைச்சிட்டாங்களாம். ஒரு பிடி மண்ணு போட ஆளில்ல. அன்னிலேருந்து இவ ஸ்கேலக் கூடத் தொடறதில்ல. பரிட்சைல கோட்ட வெறுங்கையாலயே போட்டு மார்க்க உடறா.

வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல நடக்கற உங்க கணக்குத் திருவிழாவுல அவளுக்கு வேற எதுனா குடுங்க மிஸ். தாயக்கட்ட, காகித மடிப்பு, எதுனா. நூலு வேணாம்.

இன்னாது? தப்பா அளந்துட்டோமோன்னு பயந்துகினு கீறாளா? பக்கத்துல குந்த வெச்சி திரும்ப அளக்கச் சொல்லிக் குடுத்தா சரியாப் பூடுமா?

அவ தப்பா அளக்கறவ இல்ல மிஸ். நான் கால்மாட்டுலதான் நின்னுகினு இருந்தேன். முடிச்சிக்கு முடிச்சி, நூலு அந்தக் காலுக்குச் சரியா இருந்துச்சி.

எனக்காகச் சொன்னாளா, அவளுக்காகச் சொன்னாளா, இன்னி வரைக்கும் நான் கேக்கல. கேக்கறதுக்கு பயமா கீது.

கேட்டு சத்தம்... இல்ல, இல்ல. சத்யாதான், பால் வாங்கியாந்துட்டா. குந்துங்க, டீ போடறேன்.