முன்வரிசையில் மகள்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் விடலாமா என்று யோசித்தபடி மடியிலேயே வைத்திருந்தேன். முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்:

"போலீசுக்கு மோர் ஊத்திக் கொடுத்ததே நான்தாங்கக்கா."

"மணல் குவாரி வேண்டாம்னு கொள்ளிடத்துல உக்காந்தீங்களே, அன்னைக்கா?"

"ஆமா. பொம்பளைங்க முன்னாடி இருந்தா அடிக்க மாட்டாங்கன்னு எப்பவும் அப்படித்தானே உக்காருவோம்? எம் பொண்ணையும் நான்தான் முன்னாடி உக்கார வச்சேன். கோஷம்தான் போட்டுச்சு. லத்தி பட்டு கை ஒடைஞ்சிருச்சு."

"புகார் கொடுக்கலையா?"

"வாங்க மாட்டேங்கிறாங்க. 'மோர் நல்லாருக்கும்மா'ன்னவரே இப்ப, 'பொண்ணு தடுக்கி விழுந்துச்சு'ங்கிறாரு."

"நல்ல மோர்தான் போ! பொண்ணு என்ன சொல்லுது?"

"அடுத்த தடவையும் முன்னாடிதான் உக்காருவேங்குது. வேண்டாம்னு சொல்லவும் வாய் வரலக்கா. சரின்னு சொல்லவும் வரல."