ஒற்றை வரியில் அடங்கிய வடிகட்டி

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! ஆண்டுகள் பல இந்தச் சங்கத்தைத் தோளில் தாங்கிய மூத்தோரே! பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கும் போகாமல், காதோரம் ஹெட்போன் அழுத்திய தழும்போடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே! நான் எங்கே கத்திவிடுவேனோ என்று ஒலிபெருக்கியின் காதைத் திருகிக்கொண்டே இருக்கும் மைக் செட் அண்ணனே! அனைவருக்கும் என் வணக்கம்.

தொழில்நுட்பமும் தொழிலாளர் நலமும் என்று தலைவர் எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார். பெரிய தலைப்பு. நான் சின்ன ஆள். ஆகையால் ஒரே ஒரு வடிகட்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறேன். சிரிக்காதீர்கள் தம்பி, டீ வடிகட்டி இல்லை. அதுவாக இருந்தால் இவ்வளவு கசப்பை நான் குடித்திருக்க மாட்டேன்.

நான் அவசர அழைப்பு மையத்தில் தொலைபேசி எடுப்பவள். திறக்காத ஜன்னல், சொட்டுகிற ஏசி, அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வரிசை வரிசையாக மேசைகள். இதுதான் எங்கள் கூடம். என் பக்கத்து மேசையில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பொறுமை. அழைப்பவர் அழுவார், அலறுவார், ஆத்திரத்தில் அசிங்கமாகவும் திட்டுவார். அவள் குரல் மட்டும் ஏறாது. “சொல்லுங்கய்யா, கேட்டுட்டுதான் இருக்கேன்” என்பாள். அந்தக் குரலைக் கேட்டே பாதி உயிர் பிழைத்தவர்கள் இந்த ஊரில் உண்டு.

ஒருநாள் பிற்பகல். பூட்டுக்கடைக்காரர் ஒருவர் அழைத்தார். கடையிலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பொறுமை முகவரி வாங்கினாள், தட்டச்சு செய்தாள், ஆம்புலன்சுக்கு உத்தரவு அனுப்பும் பட்டனை அழுத்தினாள். திரை உறைந்தது. மறுபடி அழுத்தினாள். அசையவில்லை. கையை உயர்த்தினாள். சூப்பர்வைசர் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். நானோ ஒரு பிரசவ அழைப்பில் இருந்தேன், பேச்சை விட முடியாது. கண்ணால் மட்டும் பார்த்தேன். அவள் ஒரு கையால் பட்டனை அழுத்தியபடியே அந்த மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். “வண்டி வந்துடும்யா. அப்பா கையை விட்டுடாதீங்க. வந்துடும்.”

வண்டி எங்கே இருந்தது தெரியுமா? அடுத்த தெருத் திருப்பத்திலேயே நின்றது! ஓட்டுநர் உத்தரவுக்காகக் காத்திருந்தார். உத்தரவு போய்ச் சேர்ந்தபோது, காப்பாற்ற அங்கே உயிர் இல்லை.

விசாரணை வைத்தார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, இவள்தான் பட்டனைத் தாமதமாக அழுத்தினாள் என்றார்கள். திரை உறைந்ததை நான் பார்த்தேன் என்றேன். பக்கத்து சீட்காரி வேறென்ன சொல்வாள் என்று என்னை எழுப்பி அனுப்பினார்கள். பொறுமை வேலையை இழந்தாள். வேலை போனால் போகட்டும் அய்யா! கொலைகாரி என்ற பெயரோடு அல்லவா வீட்டுக்குப் போனாள்?

இவளை நம்ப ஒருத்தி வந்தாள். மாடியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறியாளர். எதையும் நீளமாகப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது, வெட்டிவிடுவாள். அதனால் அவளுக்குக் கத்தரி என்று பெயர். நேரே என் மேசைக்கு வந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, இயந்திரத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

தாய்மார்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ப்ராசஸ் என்று பெயர். அவை ஒவ்வொன்றும் எங்கே போகிறது, எதற்காக நிற்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்க ஒரு தடக்கருவி உண்டு. அத்தனையையும் பின்தொடர்ந்தால் இயந்திரமே மூச்சுத் திணறும். எனவே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று சொல்ல ஒரு வடிகட்டி வேண்டும். அந்த வடிகட்டியில் ஒவ்வொரு ப்ராசஸின் எண்ணையும் தனித்தனியாக எழுத வேண்டும். எங்கள் கூடத்திலோ ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ப்ராசஸ் பிறக்கும், அழைப்பு முடிந்ததும் இறக்கும். எண்ணை எழுதி முடிப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும்! எழுத எழுத வடிகட்டி நீண்டது. நீள நீளக் கூடமே தள்ளாடியது. இதை இனி ஓட்டக்கூடாது என்று மேலாளர் தடை போட்டார்.

கத்தரி விட்டாளா? தன் சாப்பாட்டு வேளைகளைத் தின்று, வாரக்கணக்கில் உட்கார்ந்து, அந்த வடிகட்டியைச் சுருக்கினாள். சுருக்கி, நறுக்கி, செதுக்கி, ஒற்றை வரியில் அடக்கினாள்! எப்படியம்மா என்றேன்.

“கல்யாணப் பத்திரிகையில ‘குடும்பத்துடன் வருக’ன்னுதானே போடுறோம் அக்கா? புள்ளைங்க பேரையெல்லாம் ஒவ்வொண்ணாவா எழுதுறோம்? தாய் ப்ராசஸோட பேரை மட்டும் குடுத்தா போதும். அதுக்குப் பொறக்கிற எல்லாப் புள்ளைக்கும் பொறக்கும்போதே ஒரு அடையாளம் விழுந்துடும். கருவி அந்த அடையாளத்தை மட்டும் பார்க்கும்.”

எண் தேட வேண்டாம். கூடம் தள்ளாடவில்லை. மேலாளரே பார்த்துவிட்டு ஓட்டிக்கொள் என்றார். சில நாளில் திரை மறுபடி உறைந்தது. இந்த முறை தடம் சிக்கியது! ஆம்புலன்ஸ் உத்தரவைச் சுமந்த ப்ராசஸ், ஒரு கோப்புக்காக வாசலில் காத்து நின்றது. அந்தக் கோப்பை இன்னொரு ப்ராசஸ் பிடித்து வைத்திருந்தது. அது யார்? உரையாடல் பதிவுகளை நகலெடுக்கும் ப்ராசஸ். அதைப் பகலிலேயே ஓட்டச் சொன்னது யார்? தங்களுக்கு அறிக்கை உடனே வேண்டும் என்று கேட்ட மேல்தளத்து அதிகாரிகள்! பூட்டுக்கடைக்காரர் அழைத்த அந்தப் பிற்பகலிலும் அதே நகலெடுப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

கத்தரி அதை அதிகாரிகள் முன் வைத்தாள். கைதட்டினார்கள். ஆம், தாய்மார்களே, கைதட்டினார்கள்! எவ்வளவு அழகாகச் சுருக்கிவிட்டாய் என்று அந்த ஒற்றை வரியைப் பாராட்டினார்கள். பொறுமையைத் திரும்ப எடுங்கள் என்றாள். விசாரணை முடிந்துபோன விஷயம் என்றார்கள். நகலெடுப்பை மட்டும் சத்தமில்லாமல் இரவுக்கு மாற்றினார்கள்.

நாங்கள் மூவரும் பூட்டுக்கடைக்குப் போனோம். பொறுமை வரமாட்டேன் என்றாள். கத்தரிதான் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கடைக்காரர் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கத்தரி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“நீங்க பட்டனை அழுத்தினீங்கன்னு நம்புறேம்மா. ஆனா வந்துடும் வந்துடும்னு சொன்னீங்களே, அதை நம்பித்தான் நான் பக்கத்துல ஆட்டோவைக்கூடக் கூப்பிடல. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

பொறுமை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவர் வாசல்வரை வந்து, வெயிலாக இருக்கிறது, ஓரமாகப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பொறுமை தன் வீட்டுத் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். முடியவிட்டார்களா? நோயைக் கண்டுபிடித்த அதே கருவியை எங்கள் மேல் திருப்பினார்கள்! எந்த மேசையில் யார் விரல் எப்போது அசைகிறது, எப்போது ஓய்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். வடிகட்டி ஒற்றை வரிதானே! மேசைகளில் விரலசைவைப் படிக்கும் தாய் ப்ராசஸ், அதன் பிள்ளைகள் அனைவரும். மேல்தளம் நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’ என்பதற்கு ஒரே ஒரு கழித்தல் குறி போதும் என்றாள் கத்தரி. இதற்காக நான் அதைச் செய்யவில்லை, கழற்றுங்கள் என்று போய்ச் சண்டை போட்டாள். மேலாளர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“முன்னெல்லாம் இதை ஓட்ட நீ வேணும். இப்பத்தான் ஒரே வரியாக்கிக் குடுத்துட்டியேம்மா, நாங்களே ஓட்டிக்குவோம்.”

அவள் வேலையை விட்டுப் போனாள். இந்த மேடைக்கு அழைத்தேன். என் பெயரைச் சொல்லாமல் பேசுங்கள் அக்கா, எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றாள். கூச்சப்பட வேண்டியவள் அவளா? கேட்கிறேன், அவளா?

பின்வரிசையில் ஓர் அண்ணன், இப்போது என்ன ஆச்சு என்று கேட்கிறார். சொல்கிறேன் அண்ணா. அதற்குத்தான் வந்தேன்.

போன வாரம் மேல்தளத்துக்கு மறுபடி அவசரமாக அறிக்கை தேவைப்பட்டது. நகலெடுப்பு மறுபடி பகலுக்கு வந்தது. திரை மறுபடி உறைந்தது. படிக்கட்டில் விழுந்த ஒரு பெண்ணுக்கு வண்டி தாமதமானது. அவர் பிழைத்தார், நடப்பாரா என்று தெரியவில்லை. இந்த முறையும் தடக்கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் வடிகட்டியில் உத்தரவைச் சுமக்கும் ப்ராசஸ் இல்லை. நகலெடுக்கும் ப்ராசஸ் இல்லை. நாங்கள் மட்டுமே இருந்தோம். ஆகவே கருவி என்ன சொன்னது? அந்த நேரத்தில் அந்த மேசையில் விரல் அசையவில்லை, ஊழியர் சும்மா இருந்தார் என்று சொன்னது. திரை உறைந்தபின் விரல் எதை அய்யா அசைக்கும்?

அந்த மேசை என்னுடையது. நாளைக் காலை என் விசாரணை.

அனுதாபம் கேட்டு நான் இங்கே நிற்கவில்லை. பக்கத்து சீட்காரி சொன்னால் செல்லாது என்றார்களே, நாளைக்கு எல்லா சீட்காரிகளும் வாருங்கள்! உறைந்த திரையைக் கண்ட ஒவ்வொரு கண்ணும் வரட்டும்! விசாரணை அறையின் வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்த வரியில் இருக்கும் கழித்தல் குறியை எடுங்கள். எங்களைப் பார்க்கும் கருவி, எங்களுக்கு ஆணையிடும் தளத்தையும் பார்க்கட்டும். பார்த்தபின் யார் சும்மா இருந்தார் என்று சொல்லட்டும். அவர்கள் மாட்டோம் என்றால், நாளை மாலையே இந்தச் சங்கம் நீதிமன்றத்தில் நிற்கும் என்று தலைவர் வாக்களித்திருக்கிறார்.

கால் வலிக்க நின்று கேட்ட தம்பிமார்களுக்கும், கண் கலங்கியும் கலையாமல் இருந்த தாய்மார்களுக்கும், நேரம் முடிந்தும் மணியடிக்காத தலைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை, வாசலில், உங்கள் முகங்களைப் பார்த்து வணங்குகிறேன். வணக்கம்.