மாப்பிள்ளை எடுத்த ரேஸ் சைக்கிள்

என் பெயர் தனப்பிரியா, வயது 27, தகப்பனார் பெயர் வேலுமணி, புதுச்சத்திரத்தில் குடியிருந்துகொண்டு, லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்து வருகிறேன். என் அக்காள் வசந்தாமணியை ஓமலூர் சின்னண்ணன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படித்தான் என் ஸ்கூட்டரையும் கொண்டுபோனார், திருப்பித் தரவில்லை.

அதன் பிறகு நான் வேலைக்குப் போய்வரப் பழைய இரும்புக் கடையில் ஒரு ரேஸ் சைக்கிளை எடுத்துவந்து, துருவேறிய கியர்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரே ஒரு பல்சக்கரம் மாட்டி, செயினை வெட்டிச் சுருக்கி, கோணாமல் நேராக ஓடும்படி பொருத்தி, பட்டறையில் மிச்சமிருந்த லாரிப் பச்சைப் பெயிண்டை அடித்தேன். சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கு அதன்மேல் உயிர்.

அதன் பிறகு பங்குனியில் மேற்படி சின்னண்ணன் என் அக்காளின் வலது மணிக்கட்டை முறுக்கி ஒடித்தார். ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள், அவர் பக்கத்திலேயே நின்றதால் அக்காளும் ஆமாம் என்றாள். அவள் இடது கையால் சோறு பிசைந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு சித்திரை மாரியம்மன் நோம்பிக்கு அவர் வருவது தெரிந்து, சைக்கிளின் பின் பல்சக்கரத்தைத் தனியாகச் சுழலவிடும் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து இறுக்கினேன். அப்படிச் செய்தால் சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. பிரேக் பிடிகளை அப்படியே விட்டுவிட்டு, சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் கட்டைகளை மட்டும் கழற்றினேன். துடைத்து வாசலில் நிறுத்தினேன்.

கிடா விருந்து முடிந்து வெளியே வந்தவர், "ஏம்புள்ள, இது நல்லாருக்குதே, நாங்கொண்டு போறேன்" என்றார்.

"கொண்டு போங்க மாமா, நல்லா ஓடுமுங்க" என்றேன்.

அதன் பிறகு அவர் ஓட்டிப்பார்க்க வீட்டுக்கு எதிரே ஏரிக்கரைச் சரிவில் இறங்கி, எல்லோரும் செய்வதுபோல் மிதிப்பதை நிறுத்த, பெடல் நிற்காமல் அவரைத் தூக்கிக் கல்லில் போட்டது. வலது கை முறிந்தது. நான் வாசலிலேயே நின்று பார்த்தேன், ஓடிப்போய்த் தூக்கவில்லை.

ஸ்டேஷனில் இந்த வாக்குமூலத்தை எழுதிய ஏட்டம்மா முதலில் "கவனக்குறைவாகப் பொருத்தியதால்" என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டியபோது அதை அடிக்கச் சொன்னேன்.

"ஜெயிலுக்குப் போயிருவே சாமி" என்றார்.

"எங்க ஊட்டுல ஒரு கை ஏற்கெனவே வழுக்கி உழுந்து ஒடிஞ்சதுன்னு எழுதியாச்சுங்கம்மா. இந்தக் கை நான் ஒடிச்சதுங்க. அப்படியே எழுதுங்க" என்றேன்.

அடித்து, தெரிந்தே செய்தேன் என்று திருத்தப்பட்டது. திருத்தியதையும் சேர்த்து முழுவதும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) வே. தனப்பிரியா